தலை உதறாத எலிகள்

ஜூன் 8, ஞாயிறு

படிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கிறது. கோட்டின் மேல் உட்காரச் சொன்னால் சில கீழே தொங்குகின்றன, சில எகிறி நிற்கின்றன. அறுபத்து நான்கு வயதுவரை மண்வெட்டி பிடித்த கை இது. பேனாவையும் அப்படியே பிடிக்கிறது. இந்த ஐந்தாறு வரி எழுதுவதற்குள் டீயில் ஆடை கட்டிவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன். நானே எழுதினேன்.

என் பெயர் செங்கோடன். இதையும் நானே எழுதினேன்.

எழுத்துச் சொல்லித் தந்தது என் மனைவி பாவாயி. எட்டாவது வரை படித்தவள். நான்கு வருடத்துக்கு முன் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போடப் போனவள், கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கமாகக் கீழே விழுந்தாள். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, அசைவும் இல்லை. கட்டிலில் படுத்தபடியே என் உள்ளங்கையில் விரலால் எழுதி எழுதிக் காட்டினாள். ஒரு எழுத்தைத் தப்பாகச் சொன்னால் கையிலேயே ஒரு கிள்ளு. ஒன்றரை வருடம் ஆயிற்று.

இந்த டைரியைக் கொடுத்தது நான் வேலை செய்யும் இடத்து ஜெசிந்தா டாக்டரம்மா. எழுதி எழுதித்தான் கை பழகும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பாவாயி படித்துப் பிழை திருத்துவாள் என்று ஏற்பாடு.

ஜூன் 9, திங்கள்

என் வேலையைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாவாயி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் நான் அவளைப் புரட்டுவதையும் துடைப்பதையும் பார்த்த ஒருவர் இந்த வேலைக்குச் சொல்லிவிட்டார். அந்தக் கையே இங்கும் வேண்டும். இந்த எலிகளுக்கும் பின்னங்கால் வராது. மயக்க மருந்து கொடுத்து முதுகுத்தண்டில் ஒரு சின்ன அடி வைப்பார்கள். அது நடக்கும் நாளில் நான் அந்த அறைப் பக்கம் போவதில்லை. அதற்குப் பிறகு அவை என் பொறுப்பு.

பதினாறு எலிகள். எல்லாம் பெண். தாமாக மூத்திரம் போக முடியாது. காலையிலும் மாலையிலும் அடிவயிற்றை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தி எடுத்துவிட வேண்டும். அழுத்தம் கூடினால் வலிக்கும், குறைந்தால் தேங்கும். எத்தனை அழுத்தம் என்று என் விரலுக்குத் தெரியும்.

இன்று முதல் ஊசி. பத்துத் திங்கட்கிழமை போடுவார்கள். எட்டு எலிக்கு மருந்து, எட்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று ஊசி போடும் ஜெசிந்தா அம்மாவுக்கே தெரியாது. பெரிய டாக்டரிடம் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. தெரிந்தால் மருந்து வாங்கிய எலி நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, நடக்காததையும் நடந்ததாகக் கண் பார்த்துவிடுமாம். எனக்குப் பிடித்திருந்தது. தன் கண்ணையே நம்பாத ஆட்கள்.

ஊசி போட்டதும் அவர், "அரை மணி நேரம் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன் ஐயா, நீங்க தண்ணி மட்டும் வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். நான் தண்ணீர் வைத்தேன். அப்போது ஒரு வேடிக்கை. சில எலிகள் நனைந்த நாய் மாதிரி தலையைப் படபடவென்று உதறின. எண்ணினேன். எட்டு.

ஜூன் 11, புதன்

இன்று பஸ்ஸின் பெயர்ப்பலகையைக் கண்டக்டர் கத்துவதற்கு முன்பே படித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

டீ நேரத்தில் ஜெசிந்தா அம்மாவிடம் கேட்டேன், அது என்ன மருந்து என்று. தூத்துக்குடிப் பெண். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகமாட்டார். மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகச் செரோட்டோனின் என்று ஒரு சத்து இறங்கி வருகிறதாம். அது வந்தால்தான் காலை அசைக்கிற நரம்புகள் விழித்திருக்கும். தண்டு அடிபட்டால் அந்த இடத்துக்குக் கீழே அது வராது. நான் உடனே, வாய்க்கால் உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராததுபோல என்றேன். அதேதான் என்றார். காலுக்கான நரம்புகள் சாகவில்லை, காய்ந்து கிடக்கின்றன. இந்த மருந்து அந்தச் சத்தைப் போலவே போய் அவற்றைத் தட்டும். தட்டினால் புது வேர் விடுமா என்பதுதான் ஆராய்ச்சி.

ஒருவகை மலைக் காளானில் இருக்கும் சரக்குக்கு உறவுக்கார மருந்தாம். மனிதர் சாப்பிட்டால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாம். அதனால் இரும்பு அலமாரியில் இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் பாவாயிக்குச் சொன்னேன். இல்லாதது தெரிந்தால் பயப்படுவாயா என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவள் படுக்கையிலிருந்து பார்த்தால் இரண்டு மின்கம்பியும் கொஞ்சம் வானமும்தான்.

"இங்க கெடந்து இருக்கறதே ஒண்ணும் தெரியறதில்லீங்க. இல்லாததாச்சும் தெரியட்டும்" என்றாள்.

ரொம்ப நேரம் சிரித்தோம்.

ஜூன் 16, திங்கள்

இரண்டாவது ஊசி. போன வாரம் உதறிய அதே எட்டுதான் இன்றும் உதறின. எனக்கு வாலில் போட்ட கோட்டை வைத்தே எல்லாரையும் தெரியும். உதறாத எட்டும் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டன. அவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர்தான் போயிருக்கிறது. அது தெரியாமல் அவையும் ஊசிக்கு ஒழுங்காக உடம்பைக் காட்டின. ஏழாம் நம்பர் என் விரலை நக்கிவிட்டுப் போனது.

ஜூன் 18, புதன்

மூத்திரம் எடுத்த பிறகு ஏழாம் நம்பரை உடனே கூண்டில் விடவில்லை. கைக்குட்டையைக் கிழித்து இடுப்புக்கு ஒரு தூளி கட்டி, முதுகைத் தூக்கிப் பிடித்து மேசைமேல் பின்னங்காலை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் பாவாயிக்குக் காட்டித் தந்த பயிற்சிதான். அதற்கு மருந்து இல்லை. கையாவது இருக்கட்டுமே. கால் மணி நேரம்.

ஜூன் 20, வெள்ளி

ஏழு, இரண்டு, ஒன்பது. ஒவ்வொன்றும் கால் மணி. டாக்டரம்மா ஒன்பது மணிக்கு வருகிறார். நான் ஏழு மணிக்கே போய்விடுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

பாவாயி படித்தாள். படுத்தபடி தூக்கிப் பிடித்தால் அவள் கை ஓய்ந்துபோகும், அதனால் டைரியை அவள் முகத்துக்கு மேலே நான் பிடித்துக்கொள்ள வேண்டும். பிழை நான்கு. கிள்ளு நான்கு. புதன்கிழமைப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள். நன்றாக எழுதியிருக்கிறேனா என்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் வெயில் கண்ணில் பட்டிருக்கும். திரையை இழுத்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

மழை ஒழுகியது. பரணைச் சுத்தம் செய்தேன். பாவாயிக்கு நின்று பழக ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த இரும்புக் கால்சட்டம் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வார் விறைத்துப்போய்விட்டது. சாக்கில் சுற்றி இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். பக்கெட்டுக்கு இடம் கிடைத்தது.

ஜூலை 2, புதன்

உதறாத எட்டில் ஆறுக்கு இப்போது தினமும் நடை. பதினொன்றும் பதினான்கும் கடிக்கின்றன. விரலில் ரத்தம் வந்துவிட்டது. அவற்றை விட்டுவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ஏழு இன்று பின்னங்காலை ஊன்றியது. நான் எடுத்து வைக்கவில்லை. அதுவே உள்ளங்கால் தரையில் படும்படி வைத்து, உடம்பை ஒரு விரல் அளவுக்குத் தூக்கியது. பிறகு விழுந்தது. பிறகு மறுபடி வைத்தது. அதன் பக்கத்திலேயே நின்றபடி எழுதுவதால் இந்த வரி இப்படி இருக்கிறது. மன்னிக்கவும்.

யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதனிடமே சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

உதறும் எலிகளிலும் நான்கைந்து கால் வைக்கின்றன. அவற்றுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. மருந்துதான் செய்கிறது. மருந்து நிஜம். மனிதருக்கு எப்போது வரும் என்று கேட்டேன். எலியில் தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்த படி, அதற்குப் பிறகும் பத்து வருடம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. பழைய அடிக்குக் கேட்குமா என்பது வேறு கேள்வியாம்.

பத்து வருடம் என்றால் எனக்கு எழுபத்தெட்டு. பாவாயிக்கு எழுபத்திரண்டு. அது ஒன்றும் பெரிய வயதில்லை.

இந்தப் பக்கத்தைப் பாவாயி படிக்க வேண்டாம் என்று மடித்து வைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

மடித்த பக்கத்தைப் பிரித்துப் படித்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சரசு மதியம் அவளைப் புரட்டிவிட வருகிறவள். சரசுவை டைரியைப் பிடிக்கச் சொல்லிப் பாவாயி படித்திருக்கிறாள். பிழை ஒன்றுதான் என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பத்தாவது ஊசி. இதோடு முடிந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று பெரிய டாக்டர் உறையைப் பிரித்தார். நான் கூண்டுகளைத் துடைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன். நடந்த அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு எலிக்கும் மார்க் போட்டு வைத்திருந்தார்கள். மருந்து வாங்கிய எட்டையும் உப்புத் தண்ணீர் வாங்கிய எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்கள். ஏறக்குறைய ஒரே மார்க்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்துக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லை, இதை இத்தோடு மூடிவிட்டு வேறு பார்க்கலாம் என்று ஜெசிந்தா அம்மாவிடம் சாந்தமாகத்தான் சொன்னார். அந்த அம்மா மூன்று வருடமாக இதற்கு உழைத்தவர். சரி சார் என்றார். பிறகு கூண்டுப் பக்கம் வந்து, "தானாவே இவ்வளவு சரியாகாதே ஐயா. இதுங்க எப்படி நடந்துது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். கையில் இருந்த துணியை இன்னொரு முறை பிழிந்தேன். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இருக்கிறது. எழுதுகிறேன்.

மருந்து இல்லாத எலிகளை நான் கையால் நடக்க வைத்தேன். மருந்து வாங்கியவை மருந்தால் நடந்தன. இரண்டும் ஒன்றுபோல் நடந்ததால் மருந்து வீண் என்று ஆகிவிட்டது. எந்த மருந்து வர வேண்டும் என்று தினமும் சாமி கும்பிட்டேனோ அதன் வழியை நானே அடைத்துவிட்டேன்.

பாவாயியிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும், டைரியில்தான் இருக்கிறதே. சொன்னால் வேலை போய்விடும் என்றேன். அந்தப் பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றும் கேட்டேன்.

"வாயில வராட்டி டைரியக் குடுத்துருங்க. அதுலதான் எல்லாம் இருக்குதுங்களே" என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா நின்றுகொண்டே படித்தார். என் எழுத்தைப் படிப்பது கஷ்டம். ஒரு பக்கத்துக்கு வெகு நேரம் ஆயிற்று. நடுவில் உட்கார்ந்துகொண்டார். தலை உதறும் இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மருந்து போட்டா தலைய உதறும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அரை மணி நேரம் நான் இங்க நிக்கறதே இல்ல. நீங்க இங்கயே நிக்கறீங்க, உங்களுக்கும் கண்ணு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல ஐயா."

மீதியையும் படித்தார். டைரியை எடுத்துக்கொண்டு போனார். இதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். பிறகு ஒட்டிக்கொள்வேன்.

ஆகஸ்ட் 27, புதன்

இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. டீக்கும் வரவில்லை. கோபம் நியாயம். மூத்திரம் மட்டும் எடுக்கிறேன். யாரையும் நடக்க வைக்கவில்லை. ஏழு மேசையைப் பார்த்துத் தலையைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆராய்ச்சி முடிந்தால் எலிகளைத் தூங்க வைத்துவிடுவார்கள். முதுகுத்தண்டை எடுத்து உள்ளே என்ன முளைத்தது என்று பார்க்க வேண்டும். இது முதல் நாளே எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தெரியும்.

ஜெசிந்தா அம்மா என்னைக் கூப்பிட்டு, ஏழாம் நம்பரை நீங்களே பிடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். டைரியைப் படித்த பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. பிடித்துக்கொண்டேன். மயக்கம் வரும்வரை என் உள்ளங்கையில்தான் இருந்தது. அதன் பின்னங்கால் என் விரலை ஒரு முறை தள்ளியது. நல்ல பலம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

டைரி நேற்று திரும்பி வந்தது. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

டாக்டரம்மா ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து என் டைரியை ஒரு வரி விடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். எந்த எலி, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நேரம். நான் எழுதிப் பழகத்தான் எழுதினேன். அது அவருக்கு ஆதாரம் ஆகிவிட்டது. கடிக்கும் இரண்டு எலிகளை நான் விட்டுவிட்டேன் அல்லவா? மருந்தும் இல்லாமல் கையும் இல்லாமல் இருந்தவை அவை இரண்டும்தான். அவை கடைசிவரை காலை இழுத்துக்கொண்டுதான் போயின.

இரண்டு எலியை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாதாம். அவர் இத்தனை நாள் எழுதியதில் பாதி வீண். இன்னும் ஒரு வருடம் கூடுதலாக ஆகும். பெரிய டாக்டர் என்னைத் தோட்ட வேலைக்கு மாற்றச் சொன்னாராம். எலியின் அடிவயிற்றில் நீங்கள் கை வைப்பீர்களா சார் என்று இந்த அம்மா கேட்டாராம். ஆனால் மருந்தை மூடவில்லை. புதிதாக நான்கு கூட்டம் வைக்கப்போகிறார்கள். மருந்து மட்டும், கை மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாதது. ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் நானும் வெளியே வந்துவிட வேண்டும். எனக்கும் கண் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் பாவாயிக்கு ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். டைரியை மேலே பிடிக்கச் சொன்னாள். பின்னால் புரட்டச் சொன்னாள். ஜூன் பதினெட்டாம் தேதி வந்ததும் நிறுத்து என்றாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். அதற்கு மருந்து இல்லை, கையாவது இருக்கட்டுமே என்று நான் எழுதிய வரி.

"எனக்கும் மருந்து இல்லீங்களே" என்றாள். "நான் என்ன பண்ணுனேன்?"

டைரியை அவள் முகத்துக்கு மேலிருந்து எடுத்துக்கொண்டேன். இங்கேயாவது சொல்கிறேன். அவளுக்கு நடைப் பயிற்சி கொடுப்பதை நான் நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வருடம் செய்தும் ஒரு விரல்கூட அசையவில்லை. அவள் காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் அது கீழே விழும் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. மருந்து வரட்டும் என்று சொல்லிச் சட்டத்தைப் பரணில் ஏற்றினேன். அவள் அன்றைக்கும் சுவர்ப் பக்கம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாற்காலியைப் போட்டுப் பரணில் ஏறினேன். பக்கெட்டை எடுத்து வெளியே வைத்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆஸ்பத்திரியில் சட்டத்தின் வாரை மாற்றித் தந்தார்கள். பயிற்சி கொடுக்கும் அம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். இத்தனை நாள் படுத்த உடம்பு, திடீரென்று நிற்க வைத்தால் தலை சுற்றும், எலும்பும் தாங்காது என்றார். முதலில் உட்காரப் பழக வேண்டும். நிற்க அவர் சொல்லும்போதுதான் நிற்க வேண்டும். இதனால் கால் வரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். சரி என்றோம்.

காலையில் ஏழு மணிக்குப் போவதில்லை. அந்த நேரம் பாவாயிக்கு. எலிகளுக்கு எட்டரை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று அவளை நிற்க வைத்தோம்.

பயிற்சி அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு காலிலும் சட்டம். இடுப்பில் என் துண்டு. ஜன்னல் கம்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முப்பது எண்ணுவது என்று பேச்சு. நான் எண்ணினேன். பன்னிரண்டில் எண்ணிக்கை மறந்துவிட்டது. அவள் தலை என் தோளுக்கு வருகிறது. அவள் இவ்வளவு உயரம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

கால் அசையவில்லை. அதையும் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

அவள் காலைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இரண்டு வருடமாகக் கம்பியும் வானமும் மட்டும் பார்த்தவள். எதிர்வீட்டு மதிலுக்குப் பச்சை அடித்திருப்பதை இன்றுதான் கண்டாள். அதன்மேல் சரசு ஏற்றிவிட்ட சுரைக்கொடி, மூன்று பிஞ்சு. குழாயடியில் ஒரு நாய், அதன் குட்டிகள். தெருவில் போன ஒருத்தி இவளைப் பார்த்துச் சும்மா கையாட்டினாள். இவளால் கையை எடுக்க முடியவில்லை, தலையை ஆட்டினாள்.

"இருக்கறதே இத்தன இருக்குதுங்களே" என்றாள்.

படுக்க வைத்த பிறகு வேர்வையைத் துடைத்துவிட்டேன். டைரியை மேலே பிடித்தேன். பிழை மூன்று. கிள்ளு பலமாக இருந்தது. பிறகு, சமையலறை ஜன்னலில் நின்றால் என்ன தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரியும், தினமும் அங்கேதான் நின்று சோறு வடிக்கிறேன். சொல்ல மாட்டேன் என்றேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளை அந்த ஜன்னலில் நிறுத்தப்போகிறேன். அவள் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கை இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறது.